ஒரு காசும் குறையாத சமத்துவம்

இரண்டு நாடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் நடுவில் ஏதாவது ஒன்று ஓட வேண்டும் என்பது உலக நியதி. சில இடங்களில் முள்வேலி ஓடும். இந்தக் கதையில் ஓர் ஆறு ஓடியது. ஆற்றின் குறுக்கே ஒரு பாலம். பாலத்தின் இந்த முனையில் இக்கரை நாட்டுக் கொடி, அந்த முனையில் அக்கரை நாட்டுக் கொடி. இரண்டு கம்பங்களும் ஒரே உயரம். அந்த உயரம் என்றென்றும் ஒரே உயரமாக இருப்பதைக் கவனித்துக்கொள்ள இக்கரை அரசு ஓர் அலுவலகம் வைத்திருந்தது. அதற்குப் பெயர் பரஸ்பர சமத்துவப் பிரிவு.

அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர்தான் நம் ஆள். இரண்டாவது மாடியில் அவருடைய அறை. சன்னலைத் திறந்தால் பாலம் தெரியும். அதனால் சன்னல் மூடியே இருக்கும். பாலத்தைப் பற்றிக் கோப்பில் இருப்பதைத்தான் நம்ப வேண்டும் என்பது அவர் கொள்கை. காற்றைவிடச் சத்தம் அதிகம் தரும் ஒரு மின்விசிறி, கதவு சரியாகச் சாத்தாத ஓர் இரும்பு பீரோ, கண்ணாடி போட்ட மேசை. கண்ணாடிக்கு அடியில் மகளின் கல்யாணப் புகைப்படம். மனிதர் கை சுத்தம். யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. வாங்குகிறவராக இருந்திருந்தால் ஊருக்கு இவ்வளவு கஷ்டம் வந்திருக்காது. ஏதாவது கொடுத்து முடித்திருக்கலாம்.

ஒரு காலத்தில் பாலத்தைக் கடப்பது அடுத்த தெருவுக்குப் போவது மாதிரிதான் இருந்தது. இக்கரைக்காரர்கள் முடி வெட்டிக்கொள்ள அங்கே போவார்கள், அக்கரைக்காரர்கள் சோப்பு வாங்க இங்கே வருவார்கள். அப்புறம் ஒருநாள், கடவுச்சீட்டில் முத்திரை குத்த மை செலவாகிறது என்று அக்கரைக்காரர்கள் ஒரு டீ குடிக்கிற காசைக் கட்டணமாக வைத்தார்கள். இக்கரைப் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. நம் மக்கள் காசு கொடுத்து நுழைய, அவர்கள் ஓசியில் நுழைவதா, இது தேசத்தின் தன்மானத்துக்கு விழுந்த அடி என்று எழுதின. அமைச்சரவை அவசரமாகக் கூடியது. அவர்கள் எவ்வளவு வாங்குகிறார்களோ அவ்வளவே நாமும் வாங்குவோம், ஒரு காசு கூடவும் வேண்டாம், ஒரு காசு குறையவும் வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டுக் கலைந்தது.

தீர்மானத்தைச் செயல்படுத்தும் வேலை கண்காணிப்பாளர் தலையில் விழுந்தது. அக்கரைக் காசை இக்கரைக் காசாக மாற்றிக் கணக்குப் போட்டார். கடைசியில் கொஞ்சம் சில்லறை இடித்தது. அதை விட்டுவிட்டால் நாம் அவர்களைவிட ஒரு படி கீழே போய்விடுவோம். அதையும் சேர்த்து வாங்கலாம் என்றால் கவுன்ட்டரில் மீதி கொடுக்கச் சில்லறை கிடையாது. நாள்கணக்கில் யோசித்து அவர் ஒரு குறிப்பு எழுதினார்: "தேசத்தின் கௌரவத்தில் பின்னம் இருக்கலாகாது. எனவே தொகையை அடுத்த முழுத் தொகைக்குக் கொண்டுசென்று முழுமைப்படுத்தலாம்." இந்தக் குறிப்புக்காக அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

அக்கரையிலும் ஒரு பரஸ்பர சமத்துவப் பிரிவு உண்டு, அங்கேயும் ஒரு கண்காணிப்பாளர் உண்டு. அவர் நம்முடைய புதிய தொகையைத் தன் நாட்டுக் காசில் மாற்றிப் பார்த்தார். சில்லறை இடித்தது. அவரும் முழுமைப்படுத்தினார். அவருக்கும் பதவி உயர்வு வந்தது. அன்றிலிருந்து மாதம் பிறந்ததும் இங்கே சமப்படுத்துவார்கள், மாத நடுவில் அங்கே சமப்படுத்துவார்கள். டீக் காசாக இருந்தது சாப்பாட்டுக் காசாயிற்று. பிறகு ஒரு ஜோடி செருப்பு, பிறகு ஒரு சைக்கிள், பிறகு ஒரு தையல் மெஷின். யாரும் எதையும் ஏற்றவில்லை. "எங்கள் அரசு இன்றுவரை கட்டணத்தை உயர்த்தியதே கிடையாது, சமப்படுத்தியிருக்கிறது, அவ்வளவுதான்" என்று அமைச்சர் சபையில் சொன்னபோது மேசைகள் பலமாகத் தட்டப்பட்டன. அக்கரை அமைச்சரும் அதே வாக்கியத்தைச் சொன்னதாகக் கேள்வி.

இரண்டு கண்காணிப்பாளர்களும் முதன்முதலாக நேரில் பார்த்துக்கொண்டது ஒரு சமத்துவ மாநாட்டில். "நீங்க முதல்ல உக்காருங்க" என்றார் இவர். "நீங்க உக்காந்தாத்தான் நான் உக்காருவேன்" என்றார் அவர். மாநாடு முடியும்வரை இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள். இப்படியொரு மனிதரை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று இருவருக்குமே தோன்றியது. இவருக்கு ஒரு பெண், அவருக்கு ஒரு பையன். கட்டணம் சாப்பாட்டுக் காசாக இருந்த அந்த நல்ல காலத்திலேயே கல்யாணம் முடிந்தது. மகள் அக்கரைக்குப் போய் அந்த நாட்டுக் குடிமகளும் ஆகிவிட்டாள்.

கட்டணம் ஏற ஏற இன்னொரு வேடிக்கையும் நடந்தது. சும்மா போகலாம் என்று இருந்தபோது அங்கே என்ன கிடக்கிறது என்று கேட்டவர்கள், தையல் மெஷின் விலை வந்ததும் போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பினார்கள். அக்கரை முத்திரை விழுந்த பக்கத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுவது நாகரிகமாயிற்று. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடும் இடத்தில் 'அக்கரை இருமுறை' என்று போட்டுக்கொண்டார்கள். கண்காணிப்பாளரின் பக்கத்து வீட்டில் ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். அங்கே போய் என்ன செய்தீர்கள் என்று அவரைக் கேட்டதற்கு, "முடி வெட்டிக்கிட்டேன். அவ்வளவு காசு கட்டிப் போய் வெட்டிக்கிற முடியே தனி" என்று தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். எல்லாரும் பார்த்து, ஆமாம் தனிதான் என்றார்கள்.

கட்டணம் சமமாகிவிட்டது, மரியாதை சமமாக வேண்டாமா? இந்தக் கேள்வியை எழுப்பியவர் கண்காணிப்பாளரின் உதவியாளர். ஓய்வு பெறும் வயதில் இருந்தவர், அதனால் பயமில்லாமல் யோசிப்பார். இக்கரைக்காரர்களுக்கு விசா கொடுக்கும் அக்கரை அலுவலகம் இங்கே பாலத்தடியில் இருந்தது. அக்கரைக்காரர்களுக்கு விசா கொடுக்கும் நம் அலுவலகம் அங்கே பாலத்தடியில் இருந்தது.

"சார், நம்ம ஆளுங்களுக்கு அவங்க போட்டிருக்கிற நாற்காலி ஆடுதாம்" என்றார் உதவியாளர். "அவங்க ஆளுங்களுக்கு நாம ஆடாத நாற்காலி போட்டிருக்கோம்."

கண்காணிப்பாளருக்கு முகம் சுண்டிவிட்டது. நம் அலுவலகத்துக்கு அனுப்புவதற்காகப் புது நாற்காலிகள் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தன. உடனே தச்சரை வரவழைத்தார். தச்சர் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்தார்.

"புது நாற்காலிங்க. ஒரு கோளாறும் இல்லையே."

"அதுதான் பிரச்சினை. ஒவ்வொண்ணுலயும் ஒரு காலைக் கொஞ்சம் வெட்டணும்."

"வெட்டினா ஆடுமே சார்."

"ஆடணும்."

"எவ்வளவு ஆடணும்?"

நியாயமான கேள்வி. கண்காணிப்பாளர் பாலத்தடிக்குப் போய் அக்கரை அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து, ஆட்டத்தை உடம்பில் வாங்கிக்கொண்டு வந்து, தச்சருக்கு ஆடிக் காட்டினார். தச்சர் வெட்டினார். கெடாத சாமானைக் கெடுப்பதில் வேலைப்பாடு அதிகம் என்று கூலியைக் கூட்டியும் வாங்கிக்கொண்டார். உண்மையில் அக்கரை நாற்காலிகள் பழசாகிப்போய்த்தான் ஆடிக்கொண்டிருந்தன. இக்கரைக்காரர்கள் வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர்கள் தங்களுடையதையும் அளவெடுத்து வெட்டினார்கள்.

அதோடு நிற்கவில்லை. விசா கேட்டு வருகிறவர்களிடம் அக்கரை அதிகாரிகள் குடைந்து குடைந்து கேட்பதாகப் புகார் வந்தது. நாமும் குடைய வேண்டும் என்று கண்காணிப்பாளர் தன் கையால் ஒரு கேள்வித் தொகுப்பு எழுதினார். நல்ல தமிழில், பதில் சொல்ல வழியே இல்லாமல் எழுதினார். அக்கரைக்காரர்கள் அதை வரிக்கு வரி அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தன் எழுத்து எல்லை தாண்டிப் போயிற்றே என்று அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி.

இப்படி எல்லாம் சமமாக நடந்துகொண்டிருந்தபோது அக்கரையில் மகளுக்கு மாதம் நிறைந்தது.

"என்னங்க, தேதி நெருங்குது" என்றாள் மனைவி. சமையலறையில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும் என்பது அவருக்குத் தெரியும். "முதல் பிரசவம். போன்ல அழறா. ஒண்ணு அவ இங்க வரணும், இல்ல நான் அங்க போகணும்."

"அவ இங்க வந்தா வெளிநாட்டுக்காரி. கட்டணம் கட்டணும்."

"நான் பெத்த பொண்ணு வெளிநாட்டுக்காரியா?"

"சட்டப்படி."

"சரி, நான் போறேன்."

"நீ போனா அங்க நீ வெளிநாட்டுக்காரி."

"ரெண்டுல எது மலிவு?"

"ரெண்டும் ஒண்ணுதான். ஒரு காசு வித்தியாசம் இருக்காது" என்றார் கண்காணிப்பாளர். அவர் குரலில் லேசாகப் பெருமை எட்டிப் பார்த்ததை மறைப்பதற்கில்லை.

அன்றைய தொகை அவருடைய மூன்று மாதச் சம்பளம்.

"இந்தக் கட்டணத்த நீங்கதானே போடறீங்க? குறைச்சுடுங்க."

"நான் போடல. சமப்படுத்தறேன்."

"அப்ப குறைச்சு சமப்படுத்துங்க."

இப்படி ஒரு வழி இருப்பது இத்தனை வருட சர்வீஸில் அவருக்குத் தோன்றியதே இல்லை. உடனே அக்கரைச் சம்பந்திக்குப் போன் போட்டார். மகள் நல்லபடியாகப் பிழைத்து எழ வேண்டும், அவள் கையைப் பிடித்துக்கொள்ள அவள் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவருக்கு வேறு நினைப்பில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"சம்பந்தி, நம்ம பொண்ணுக்குத் தேதி நெருங்குது. கட்டணத்தக் கொஞ்சம் குறைச்சா நல்லது."

"நானும் அதையேதான் நினைச்சேன் சம்பந்தி. நீங்க குறைங்க, மறுநாளே நான் குறைக்கிறேன்."

"நீங்க மாப்பிள்ளையப் பெத்தவர். உங்களுக்குத்தான் முதல் மரியாதை. நீங்க முதல்ல குறைங்க."

"நீங்க வயசுல மூத்தவர். உங்கள முந்திக்கிட்டு நான் குறைச்சா நல்லா இருக்குமா?"

"முதல்ல குறைக்கிற நாடு பணிஞ்சு போன நாடுன்னு பேப்பர்ல போடுவான் சம்பந்தி."

"அதத்தான் நானும் மரியாதையா சொல்லிக்கிட்டிருக்கேன்."

"அப்ப ஒண்ணு செய்வோம். ஒண்ணாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து குறைப்போம்."

"பிரமாதம். உங்க பன்னிரண்டா, எங்க பன்னிரண்டா?"

அக்கரைக் கடிகாரம் இக்கரைக் கடிகாரத்துக்கு அரை மணி நேரம் முன்னால் ஓடும். அவரவர் பன்னிரண்டுக்குக் குறைத்தால் அக்கரை அரை மணி முன்னதாகப் பணிந்ததாகிவிடும். நம் பன்னிரண்டுக்கு என்றால் அவர்கள் நம் கடிகாரத்துக்கு அடிமை, அவர்கள் பன்னிரண்டுக்கு என்றால் நாம் அவர்கள் கடிகாரத்துக்கு அடிமை. நடுவில் ஒரு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்றால் அது யாருடைய நேரமும் இல்லை, எந்தக் கடிகாரத்தைப் பார்த்துக் குறைப்பது? கடைசியில் வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லி, மிகுந்த அன்போடு இருவரும் போனை வைத்தார்கள். யார் முதலில் வைப்பது என்பதில் கொஞ்சம் தாமதமாயிற்று.

மனைவியின் வளையல்கள் கடைக்குப் போயின. வந்த பணம் ஒருவருக்குத்தான் போதும்.

பாலத்தடியில் இருந்த அக்கரை அலுவலகத்துக்கு இருவரும் போனார்கள். நாற்காலி ஆடியது. கச்சிதமான அளவு என்று அந்த நிலையிலும் கண்காணிப்பாளரின் மனம் பாராட்டியது. மனைவி ஆடிக்கொண்டே காத்திருந்தாள். முறை வந்ததும் கவுன்ட்டர் அதிகாரி நிமிர்ந்து பார்க்காமல் தொடங்கினார்.

"எதுக்குப் போறீங்க?"

"பொண்ணுக்குப் பிரசவம்."

"நீங்க போகலன்னா பிரசவம் நடக்காதா?"

அது கண்காணிப்பாளர் எழுதிய கேள்வி. மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"நடக்கும்."

"அப்ப எதுக்குப் போறீங்க?"

இதுவும் அவர் எழுதியதுதான். எழுதியபோது மிக நேர்த்தியாக அமைந்துவிட்டதாக உதவியாளர்கூடப் பாராட்டினார்.

"நான் அவளோட அம்மா."

"அம்மா இருக்கறதால அங்க என்ன மாறும்?"

இதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது என்பது எழுதியவருக்கே தெரியும். அவள் கண் கலங்கியது. கண் கலங்கினால் 'உணர்ச்சிவசப்பட்டார், ஆபத்தில்லை' என்று குறித்துக்கொண்டு விசா கொடுக்கலாம் என்பது அடுத்த விதி. கொடுத்தார்கள். அந்த விதியை எழுதிய நாளில் தனக்கு நல்ல மனது இருந்திருக்கிறது என்று கண்காணிப்பாளர் திருப்திப்பட்டுக்கொண்டார்.

மனைவி போன மூன்றாம் நாள் போன் வந்தது. பையன். மகளே பேசினாள். "அப்பா, மூக்கு அப்படியே உங்க மூக்கு" என்றாள். கண்காணிப்பாளர் போனை வைத்துவிட்டுத் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவருக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. அன்று அலுவலகத்தில் மின்விசிறிச் சத்தம்கூடக் காதுக்கு இதமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சன்னலைத் திறந்து வைத்து, பாலத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து அமைச்சகத்துக்குப் புதுச் செயலாளர் ஒருவர் வந்து சேர்ந்தார். கணக்குத் துறையில் இருந்து வந்தவர், அதனால் அலுவலகப் பழக்கவழக்கம் தெரியாது.

"போன வருஷம் அவங்ககிட்ட எவ்வளவு வசூல் பண்ணோம்?"

கண்காணிப்பாளர் சொன்னார்.

"அவங்க நம்மகிட்ட?"

"அதே அளவு சார்."

"அப்ப நமக்கு என்ன லாபம்?"

"சமத்துவம் சார்."

"வசூல் பண்ற செலவு?"

"அதுவும் ரெண்டு பக்கமும் சமம்தான் சார்."

செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அமைச்சரிடம் போனார். அமைச்சர் அக்கரை அமைச்சரிடம் பேசினார். கட்டணத்தை அடியோடு ரத்து செய்துவிடலாம் என்று முடிவாயிற்று. பூஜ்யத்தில் சில்லறை இடிக்காது, எந்தக் காசில் மாற்றினாலும் பூஜ்யம் பூஜ்யம்தான். முதலில் கையெழுத்துப் போடுகிறவர் யார் என்ற சிக்கல் வராமல் இருக்க, பாலத்தின் நடுவில் நின்று இரண்டு அமைச்சர்களும் ஒரே பேனாவைச் சேர்ந்து பிடித்துக் கையெழுத்திடுவார்கள். இவ்வளவும் ஏற்பாடாகி, சம்பிரதாயத்துக்காகக் கோப்பு கண்காணிப்பாளரிடம் வந்தது. 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதினால் போதும்.

அவர் பேனாவைத் திறந்தார். அன்று காலைதான் மனைவி ஊர் திரும்பியிருந்தாள். காபி கொடுத்தபோது அவள் கையைப் பார்த்தார். வளையல் இருந்த இடத்தில் வெளுத்த தடம் மட்டும் இருந்தது. இப்போது ரத்து செய்தால் என்ன ஆகும்? எதிர்வீட்டு ஜவுளிக்கடைக்காரர், இதுவரை ஒரு பைசா கட்டாதவர், பெண்டாட்டி பிள்ளைகளோடு கையை வீசிக்கொண்டு போய்விட்டு வருவார். நாம் என்ன இளிச்சவாயர்களா? கண்காணிப்பாளருக்கு வயிறு எரிந்தது. பேனா தானாக ஓடியது: "ஏற்கெனவே கட்டணம் செலுத்திய குடிமக்களுக்கு இது ஈடு செய்ய முடியாத அநீதியாகும். ரத்து செய்யுமுன் அவர்களுடைய கருத்தைக் கேட்பது உசிதம்."

கேட்டார்கள். கேட்டதுதான் தாமதம், 'கட்டியோர் பேரவை' பிறந்துவிட்டது. தலைவர் மருந்துக்கடைக்காரர். கூடத்தில் மாட்டியிருந்த முத்திரைப் படங்களைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். "நாங்க கட்டினோம், நீங்களும் கட்டுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். இன்னும் கட்டாதவர்களும் ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டார்கள். கட்டப்போகிற நாளுக்காக ஆசைப்பட்டுக் காத்திருந்தவர்கள் அவர்கள். சும்மா போய் வருகிற இடத்துக்குப் போனதாக யாரிடம் பெருமை பேசுவது? அக்கரையிலும் ஒரு பேரவை பிறந்து, அதே நாளில், அவர்கள் கடிகாரப்படி, அதே கோஷத்தோடு ஊர்வலம் போயிற்று. மக்களின் நியாய உணர்வுக்குத் தலைவணங்கி ரத்து கைவிடப்பட்டதாக வானொலி அறிவித்தது.

வீட்டில் மனைவி தொட்டில் வாங்கி வைத்திருந்தாள். கட்டணம் போகப்போகிறது, மகளும் குழந்தையும் அடுத்த மாதமே வந்துவிடுவார்கள் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். வானொலியைக் கேட்டுவிட்டு அவரிடம் வந்தாள்.

"யாருங்க தடுத்தது?"

"ஜனங்கதான்."

"எந்த ஜனங்க?"

"கட்டினவங்க."

"நானும்தானே கட்டினேன்" என்றாள் மனைவி. "என்ன யாரும் கேக்கலையே."

அந்தக் கேள்வி தன் தொகுப்பில் இல்லாதது கண்காணிப்பாளருக்குக் கஷ்டமாக இருந்தது.

சம்பந்திதான் ஒரு வழி கண்டுபிடித்தார். "ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் குழந்தைய எங்க கரையில தூக்கிக் காட்டறேன். நீங்க உங்க கரையில நின்னு பாருங்க."

"எங்க நாலா, உங்க நாலா?"

"உங்க நாலுக்கே தூக்கறேன். அரை மணி நேரம் காத்திருந்தா என் கை ஒண்ணும் தேஞ்சு போகாது. இதெல்லாம் வெளியில சொல்லிடாதீங்க."

அதுதான் சம்பந்தி தன் நாட்டுக்குச் செய்த ஒரே துரோகம்.

ஆறு அந்த இடத்தில் கொஞ்சம் குறுகல். நாலு மணிக்கு எதிர்க்கரையில் சம்பந்தி குழந்தையை உயர்த்திப் பிடித்தார். ஒரு வெள்ளைத் துணி, அதற்குள் ஒரு சின்னத் தலை, வெளியே நீட்டிய ஒரு கை. மூக்கு தெரியவில்லை. ஆனால் கண்காணிப்பாளருக்குத் தெரிந்தது. "டேய்" என்றார். மனைவி இரண்டு கைகளையும் ஆட்டினாள். குழந்தை இந்தப் பக்கம் பார்த்தான், அல்லது பார்த்தது போல இருந்தது. இருவருக்கும் அது போதும், கண்ணில் நீர் கொட்டியது.

பக்கத்தில் ஒருவர் கடலை கொறித்துக்கொண்டு நின்றிருந்தார். "கொழுகொழுன்னு நல்லா இருக்கு" என்றார்.

"உங்களுக்கு அங்க சொந்தம் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

"யாரும் இல்லைங்க. சும்மா நடக்க வந்தேன். யாரோ குழந்தையத் தூக்கிக் காட்டறாங்க, பாக்க நல்லா இருந்துச்சு, நின்னுட்டேன்."

கண்காணிப்பாளருக்குச் சுருக்கென்றது. வளையலை விற்று இவள் பார்த்த குழந்தையை, கடலை தின்றுகொண்டு இவன் ஓசியில் பார்க்கிறான். இதில் எங்கே இருக்கிறது நியாயம்? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதே யோசனை. திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனதும் சன்னலை மூடிவிட்டுப் புதுக் கோப்பு ஒன்றைத் திறந்தார். எல்லையைக் கடப்பது காலால் மட்டும் நடப்பதன்று, கண்ணாலும் நடக்கிறது என்று தொடங்கியது அவருடைய குறிப்பு.

கரை நெடுகத் தகரம் அடித்தார்கள். நடுவில் ஒரு வாசல், ஒரு கவுன்ட்டர், ஆடும் நாற்காலிகள். பார்வைக் கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று ஒரு பலகை. அக்கரையிலும் அதே வாரம் தகரம் வந்துவிட்டது, சில்லறை முழுமைப்படுத்தப்பட்டது. கட்டியோர் பேரவை வரவேற்றது. சும்மா வேடிக்கை பார்த்த காலத்தில் காலியாகக் கிடந்த கரையில் இப்போது நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வரிசை நின்றது.

கண்காணிப்பாளரும் மனைவியும் மறுபடி போக இரண்டு மாதம் ஆயிற்று. மனைவி தொட்டிலை விற்றிருந்தாள். வரிசையில் நின்று கட்டி, வாசல் வழியாக உள்ளே போனார்கள். சரியாக நாலு மணிக்குச் சம்பந்தி எதிர்க்கரையில் குழந்தையை உயர்த்தினார். குழந்தை வளர்ந்திருந்தான், காலை உதைத்தான். ஆனால் சம்பந்தியின் வலது கை அவன் கண்ணை மூடியிருந்தது.

"ஏன் கண்ண மூடறார்?" என்றாள் மனைவி.

"குழந்தைக்குக் கட்டியிருக்க மாட்டார். அவருக்கு மட்டும் கட்டியிருப்பார். கண்ணத் திறந்தா அவனும் பார்வையாளர்தான்."

"பச்சைக் குழந்தைங்க."

"விதியில வயசு போடல" என்றார் கண்காணிப்பாளர். விதி அவருடையது.

"கையை எடுக்கச் சொல்லுங்க. அவன் என்னப் பாக்கட்டும்."

கண்காணிப்பாளர் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேரன் கட்டவில்லை, அதனால் பார்க்கவில்லை. இங்கே நாம் பார்க்கிறோம். அவன் பார்க்காமல் இருக்கும்போது நாம் மட்டும் பார்ப்பது எந்தக் கணக்கிலும் சமமாகாது. அவர் மெல்லக் கையை உயர்த்தித் தன் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் நின்ற மருந்துக்கடைக்காரர் அதைப் பார்த்தார். காசு கட்டியவர்கள் இப்படித்தான் நிற்க வேண்டும் போலிருக்கிறது என்று அவரும் மூடிக்கொண்டார். வரிசை முழுக்க ஒவ்வொருவராக மூடிக்கொண்டார்கள். எதிர்க்கரையில் சம்பந்தி இதைக் கவனித்துவிட்டு, பேரன் கண்ணில் இருந்து கையை எடுக்காமலே தன் கண்ணையும் இறுக மூடினார். அவரைப் பார்த்து அந்தக் கரையும் மூடிக்கொண்டது.

மனைவி மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். கவுன்ட்டரில் இருந்தவர் எட்டிப் பார்த்து, மற்றவர்கள் எல்லாரும் மூடியிருக்கும்போது அவள் ஒருத்தி கூடுதலாகப் பார்ப்பதால் வித்தியாசத் தொகையைக் கட்டச் சொன்னார். அவள் தன் வெறுங்கையைத் திருப்பிக் காட்டினாள். பிறகு அவளும் கண்ணை மூடிக்கொண்டாள்.